டி டிரைவில் ஓர் இணைச்சீர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நான் காதால் கேட்டது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

காந்திபுரத்தில் கலீல் ரஹ்மான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு என் மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கொஞ்ச நாளாகவே, தொடர்கதையின் அந்த வாரத்து அத்தியாயத்தை எழுத உட்காரும்போதெல்லாம் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும்: டி டிரைவில் இடம் இல்லை. திறந்து பார்த்தால் அந்த டிரைவுக்கு 'ரெகவரி' என்று பெயர். இடத்தைக் காட்டும் பட்டை முழுக்கச் சிவப்பு.

எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். அவருக்கும் அதே சிவப்புப் பட்டைதான். கலீல் எதையோ விளக்கினார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி சொன்னார்:

"எல்லாத்தையும் அழிச்சுப்போடுங்க. ஒண்ணை மட்டும் உட்ருங்க."

அவர் போன பிறகு, எது அந்த ஒன்று என்று கலீலிடம் கேட்டேன்.

"அது அவிங்க சமாச்சாரமுங்க சார். உங்க டிரைவுல என்ன இருக்குதுன்னு நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா நான் சொல்லலாமுங்களா?"

சொல்லக் கூடாதுதான். அதனால் அந்த ஒன்றை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

கொடுமுடியில் காவிரி அன்றைக்குக் கரை தொட்டு

[வேண்டாம். ஆற்றில் தொடங்கினால் ஆற்றிலேயே முடிக்க வேண்டியிருக்கும்.]

அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று கீதாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்

[பழக்கதோஷம். வாரப் பத்திரிகையில் முதல் வரியிலேயே வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கீதாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அழுத்தினாள்.]

மூன்றாவது தொடக்கம் கதையே இல்லை, வெறும் விளக்கம். ஆனால் அது இல்லாமல் கதை நிற்காது.

நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோருக்கும் முதல் நாளே ஒரு புத்திமதி கிடைத்திருக்கும். சி-யில் எதையும் வைக்காதே, டி-யில் வை. மெஷின் படுத்துவிட்டால் சர்வீஸ்காரர் சி-யை அழித்துவிட்டுத்தான் சரிசெய்வார். டி-யில் இருப்பது தப்பிக்கும். கடையில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர்களின் காலத்துச் சட்டம் அது. அந்தக் காலத்துக்கு அது சரியான சட்டம்.

சத்தியமங்கலத்தில் கீதா படித்த கம்ப்யூட்டர் சென்டரிலும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள். அவள் அதைத் தன் தம்பி தீபக்குக்குச் சொல்லிக் கொடுத்தாள். தீபக் பிற்பாடு கம்பெனியிலிருந்து முழுசாகக் கட்டி வந்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினான். அதில் டி என்பது வேறு. மெஷின் கெட்டுப்போனால் வாங்கிய அன்றைக்கு இருந்த நிலைக்குக் கொண்டுவரத் தேவையானதை எல்லாம் கம்பெனிக்காரர்கள் அந்தச் சின்ன இடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். நம் பொருளை வைக்கும் இடமல்ல அது.

தீபக்கின் முதல் கல்யாணம் முடிந்ததும், படங்களையும் வீடியோக்களையும் பத்திரப்படுத்த கீதாதான் உட்கார்ந்தாள். எங்கே வைத்தாள் என்று உங்களுக்கே தெரியும்.

* என் டி-யும் அப்படித்தான் நிறைந்தது. யாரும் சிரிக்க வேண்டாம். உங்களுடையதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

3

ஆட்கள் குறைவு. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தீபக்: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். முதல் கல்யாணம் சத்தம் இல்லாமல் கோர்ட்டில் விவாகரத்தில் முடிந்தது. இரண்டாவது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, கொடுமுடியில் ஒரு மண்டபத்தில். பெண்ணுக்கு அது முதல் கல்யாணம் என்பதால் சீர் எதுவும் குறையக் கூடாது என்று பெண் வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாந்தாமணி: அவன் அம்மா. பிள்ளைகள் சிறுவயதாக இருக்கும்போதே கணவரை இழந்தவர். தோட்டத்தையும் பிள்ளைகளையும் தனியாகவே பார்த்துக்கொண்டவர்.

கீதா: தீபக்கின் அக்கா. சத்தியமங்கலத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. தம்பியின் முதல் கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவரும் போய்விட்டார். மாரடைப்பு.

கீதாவிடம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தாள், அழித்தாள், கண்ணைத் துடைத்தாள், பஸ் ஏறினாள். அப்படிப்பட்ட பெண்களை நான் நிறைய எழுதியிருக்கிறேன். நல்ல வரவேற்பும் உண்டு. இந்த முறை படித்துப் பார்த்தபோது, அவளைப் பேச விடாமல் வைத்திருப்பது நான்தான் என்று பட்டது. இரண்டாம் பிரதியில் அவளுக்கு வாய் கொடுத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. சத்தியமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த கீதா, தம்பி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தீபக்.

"நீ பண்ணுன வேலைதான அக்கா? டி-ல வை, டி-ல வைன்னு. இப்ப ஒரு கொட்டேஷன் டைப் பண்ண உடமாட்டேங்குது. இடமில்லை, இடமில்லைன்னு காலங்காத்தால மாரடிக்குது."

"நான் சொன்னது ஊர்ல இருக்கற டி-யைடா. நீ பேரே போட்டு வெச்ச டி-யை வாங்கிட்டு வந்தா நான் என்ன பண்றது? அதுல ரெகவரின்னு எழுதியிருக்குதுல்ல, உன்ற கண்ணு எங்க போச்சு?"

"நீதான காப்பி பண்ணுனே. உன்ற கண்ணு எங்க போச்சு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு தீபக் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாம் அந்தக் கல்யாணத்து ஐட்டம்தான் அக்கா. அழிச்சுரு. புதுசா ஒருத்தி ஊட்டுக்கு வாரா. என்னைக்காவது தொறந்து பார்த்தான்னா நல்லாவா இருக்கும்?"

"நீயே அழிக்க வேண்டியதுதான?"

"எனக்கு என்னமோ கை வரமாட்டேங்குது. நீதான போட்டே."

பட்டறையிலிருந்து போன் வர, அவன் வெளியே போய்விட்டான்.

[தீபக்கை நல்லவனாகக் காட்டுவதா கோழையாகக் காட்டுவதா என்று இந்த இடத்தில் வெகுநேரம் யோசித்தேன். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.]

சாந்தாமணி காபி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. சேலைத் தலைப்பால் கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஏனுங்கம்மா, என்னமோ சொல்ல வந்து நிக்கறீங்க."

"ஒண்ணுமில்ல அம்மணி. மௌனிகாகிட்ட ஜாக்கெட் அளவு வாங்கோணும். நாளு கிட்ட வந்துருச்சு."

மௌனிகா, சித்தப்பா மகள். கல்யாணமாகிக் கணவனோடு பொள்ளாச்சியில் இருப்பவள்.

"அவளுக்கு எதுக்கு நீங்க ஜாக்கெட் தெக்கறீங்க?"

சாந்தாமணியின் தலைப்பு மறுபடியும் மேசைக்குப் போனது. கீதாவுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் அந்தச் சேலையும் ஜாக்கெட்டும் எடுப்பார்கள். இணைச்சீருக்கு நிற்கிற சகோதரிக்கு.

* கொங்கு நாட்டுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக: மாப்பிள்ளை தாலி கட்டப் போவதற்கு முன்னால் அவன் கூடப் பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் இது. புதுச் சேலை கட்டி, நகை பூட்டி, கையில் மூங்கில் கூடையோடு அவள் தம்பிக்கோ அண்ணனுக்கோ பக்கத்தில் நிற்பாள். நாளைக்கு எவள் வந்தாலும் இந்த வீட்டில் இவளுக்கும் இடம் உண்டு என்று ஊர் பார்க்கச் சொல்வது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குச் சித்தப்பா, பெரியப்பா மகள் நிற்பாள். தீபக்குக்குக் கூடப் பிறந்தவள் இருக்கிறாள்.

"தம்பிக்குத் தெரியுங்களா?"

"தெரியும் கண்ணு."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சாந்தாமணி துடைப்பதை நிறுத்தினார். "நான் என்னத்தச் சொல்றது? அந்தப் புள்ளைக்கு மொதக் கல்யாணம். நாளைக்கு ஒரு காச்சல் தலவலின்னாக்கூட, இன்னார் நின்ன நேரம்னு சொல்லிப்போடுவாங்க. ஊரு வாயை நான் மூட முடியுமா? நான் கேட்டுக் கேட்டுச் செத்தவ. உன்னையும் கேக்க உடச் சொல்றயா?"

"ஊரு, ஊருன்னு சொல்றீங்களே, யாருங்கம்மா அது? பேரச் சொல்லுங்க. நான் போய்க் கேக்கறேன்."

சாந்தாமணி பேர் சொல்லவில்லை. காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வாரேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

5

கீதா வீடியோக்களைத் திறந்தாள்.

நீங்கள் இப்போது என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இறந்துபோன கணவர் அந்த வீடியோவில் வருவார். கீதா திரையைத் தொடுவாள். நானும் அப்படித்தான் எழுதினேன். கணவர் பட்டு வேட்டியில் ஓரமாக நின்று அவளைப் பார்த்துச் சிரித்தார். எழுதியபோது எனக்கே தொண்டை அடைத்தது. அந்த அடைப்பு இதற்கு முன்னால் எத்தனையோ அத்தியாயங்களின் முடிவில் எனக்கு வந்த அதே அடைப்பு. அவரை வெளியே அனுப்பிவிட்டேன். இணைச்சீர் நடந்தபோது அவர் பந்திக்கு இலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார். மச்சானுக்குக் கல்யாணம் என்றால் மாமனுக்கு அதுதானே வேலை.

ஆக, வீடியோவில் கீதாவும் தீபக்கும் மட்டும்தான். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர், "மாப்பிள்ளைக்குப் பொறந்தவ வாங்க" என்று கூப்பிடுகிறார். கீதா வருகிறாள். இடுப்பில் கூடை. மாலைக்குள்ளிருந்து தீபக் அவள் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறான். மேளச் சத்தத்தில் அது கேட்காது. கீதாவுக்கு நினைவிருக்கிறது.

"அக்கா, கூடை கனக்குதா? நான் புடிக்கட்டுமா?"

"மாப்பிள்ளை கூடை தூக்குனா ஊரு சிரிக்குமடா, கம்முனு நில்லு."

வீடியோவில் அவள் சிரிப்பது மட்டும் தெரிகிறது.

அவள் அதை மறுபடியும் ஓட்டினாள். தன்னைப் பார்க்கத்தான் ஓட்டினாள். ஆனால் கண் ஓரத்துக்குப் போயிற்று. கேமரா திரும்பும் ஒரு கணத்தில், மணவறைக்கு அந்தப் பக்கம், ஒரு தூண். தூணுக்குப் பின்னால் பாதிச் சேலை, ஒரு கை, பாதி முகம். யாரோ பந்தலுக்குச் சம்பந்தமில்லாதவர் எட்டிப் பார்ப்பதுபோல.

நிறுத்திப் பார்த்தாள். அம்மா.

சொந்த மகன் கல்யாணத்தில், சொந்த மகள் இணைச்சீருக்கு நிற்கும்போது, சாந்தாமணி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பத்தடி தூரத்தில் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்த கீதா அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

[அந்தத் தூண் என் திட்டத்தில் இல்லை. கணவரை வெளியே அனுப்பியதும் காட்சியில் ஓர் ஓரம் காலியாக இருந்தது. அங்கே யார் என்று பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.]

6

அழிக்கும் வேலை. கீதா கலீல் ரஹ்மானுக்குப் போன் செய்தாள். அவர் தன் கடையில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்தார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"அக்கா, இதுல ரெண்டு தினுசு இருக்குதுங்க. கம்பெனிக்காரன் வெச்சது ஒண்ணு, அதுல கையே வெக்கக் கூடாதுங்க. மெஷின் படுத்துருச்சுன்னா அதுதான் எழுப்பி உடும். இன்னொண்ணு நீங்க கொண்டாந்து போட்டது. இதை வேற எடத்துக்கு மாத்தட்டுங்களா, அழிச்சரட்டுங்களா?"

(எது தொடக்கூடாதது, எது நாம் கொண்டுவந்து போட்டது என்பதை வைத்துக் கல்யாணத்தோடும் ஊரோடும் ஓர் ஒப்பீடு செய்யச் சொல்லிக் கை அரிக்கிறது. செய்ய மாட்டேன். கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகவே இருக்கட்டும்.)

கீதா திரையைப் பார்த்தாள். வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். நலங்கு. முகூர்த்தம். மாலை மாற்றும் அந்தப் பெண்ணின் முகம். "நல்ல புள்ளைதான். என்னமோ ஒத்து வரல," என்று கீதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் எங்கேயோ ஒரு வீட்டில் இதே படங்களை அழித்திருப்பாள்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போடுங்க," என்றாள். "ஒண்ணை மட்டும் உட்ருங்க."

எது என்று காட்டினாள். அம்புக்குறி மற்றதையெல்லாம் ஒருசேரப் பிடித்தது. அழித்தது. பட்டை சிவப்பாகவே இருந்தது.

"என்னங்க, போகலீங்களே?"

"போயிருச்சுங்க. ஆனா குப்பைத்தொட்டில கெடக்குது. தொட்டியைக் காலி பண்ணாத்தான் இடம் வரும். பண்ணிட்டா திரும்ப வராதுங்க, சொல்லிப்போட்டேன். பண்ணலாமுங்களா?"

சமையலறையில் சாந்தாமணி காபியை இன்னும் சூடு பண்ணிக்கொண்டே இருந்தார்.

"பண்ணுங்க."

பட்டை நீலமானது. அந்த டிரைவில் மனிதர்களுடையது என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடியோ.

கீதா சமையலறைக்குப் போனாள். "அம்மா, தம்பி கல்யாணத்துல இணைச்சீரப்போ நீங்க எங்க நின்னீங்க?"

"எங்கயோ நின்னேன். அதெல்லாம் ஆரு கண்டா? கூட்டத்துல ஆயிரம் வேலை."

"பார்த்தீங்களா?"

"பாக்காம?" சாந்தாமணி அடுப்பை அணைத்தார். "கூடையை எடது பக்கம் வெச்சிருந்தே. கை மாத்தவே இல்லை. வலிச்சிருக்கும்னு நெனச்சேன்."

7

அடுத்த நாள் பட்டறைக்குப் போகும் முன் தீபக் டிரைவைத் திறந்தான். வீடியோவைப் பார்த்தான். அக்காவுக்குப் போன் செய்தான்.

"டிரைவ் சரியாயிருச்சு அக்கா."

"ம்."

"ஒண்ணு மட்டும் இருக்குது."

"தெரியும்."

"அதையும் அழிக்கட்டுமா?"

"உன்ற கம்ப்யூட்டரு. உன்ற இஷ்டம்."

அவன் வீடியோவை மூடினான். பிறகு, "கல்யாணத்துக்கு மொத நாளே வந்துரு அக்கா," என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனால் அழிக்கவில்லை.

8

முடிவுகள்.

முதல் முடிவில் தீபக் மாலையைக் கழற்றி வைத்து, "எங்க அக்கா நின்னாத்தான் இந்தக் கல்யாணம்" என்று மண்டபம் அதிரச் சொன்னான். இதை வெவ்வேறு பெயர்களில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். வாசகர் கடிதங்கள் வரும். நிஜத்தில் நான் பார்த்த தீபக்குகள் யாரும் மாலையைக் கழற்றியதில்லை.

இரண்டாவது முடிவில் கீதா கல்யாணத்துக்கே போகவில்லை. சத்தியமங்கலத்தில் பவானிப் பாலத்தின் மேல் நின்று

[முதலிலேயே சொன்னேன், ஆறு வேண்டாமென்று.]

மூன்றாவதில் கீதாவே மௌனிகாவுக்குச் சேலை மடிப்பு எடுத்துக் கொடுத்து, கூடையையும் கையில் கொடுத்தாள். எல்லோரும் அவளுடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். இதுதான் மூன்றிலும் கொடுமையானது. எழுதுவதற்கு எளிதாகவும் இருந்தது.

மூன்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

9

அதனால், நடந்த வரைக்கும் சொல்கிறேன்.

கொடுமுடி. மண்டபம் நிறைந்திருக்கிறது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டு அருமைக்காரரின் முகத்தைப் பார்க்கிறார்கள். கூடை மணவறைக்கு முன்னால் தரையில் இருக்கிறது. மௌனிகா புதுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சாந்தாமணி தூணுக்குப் பின்னால் நிற்கிறார். கீதா அவரைத் தேடி அங்கே வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தூணுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.

"மாப்பிள்ளைக்குப் பொறந்தவ வாங்க," என்கிறார் அருமைக்காரர்.

மௌனிகா எழுந்தாள். எழுந்தவள் கூடையைத் தொடவில்லை; திரும்பிக் கீதாவைப் பார்த்தாள். தீபக்கும் பார்த்தான். அவன் வாய் எதையோ சொல்லத் தொடங்கியதுபோல் இருந்தது. கீதா ஓரடி எடுத்து வைத்தாள்.

சாந்தாமணி மகளைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. மண்டபத்தைப் பார்க்கிறார். வரிசை வரிசையாக நாற்காலிகளை. மூன்றாவது வரிசையில், சந்தனம் பூசிய கையோடு, பந்திக்கு நேரமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற உங்களை.

ஊர் யார் என்று கீதா கேட்டதற்கு அவர் ஏன் பெயர் சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. உங்கள் முகம்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க அந்த முகத்துக்குப் பயந்துதான் அவர் தூணுக்குப் பின்னால் நின்றார். அதே முகத்தைப் பார்த்துத்தான், மகளின் கையை விடுவதா பிடித்து நிறுத்துவதா என்று இப்போது முடிவு செய்யப் போகிறார்.

அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் முகத்தை எப்படி வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.